தொலைநிலைப் படிப்பில் முடிவுறு கணிதம்: சேர்வதிலிருந்து இறுதித் தேர்வு வரை

ஃபைனைட் மேத்தமேடிக்ஸ் என்று பல்கலைக்கழகங்கள் பெயரிட்டிருக்கும் முடிவுறு கணிதத்தில் நுண்கணிதம் கிடையாது. வகையீடு, தொகையீடு, எல்லை எதுவும் வராது. நேரியல் சமன்பாடுகள், அணிகள், நேரியல் திட்டமிடல், கணங்கள், எண்ணும் முறைகள், நிகழ்தகவு, மார்க்கோவ் சங்கிலி, வட்டி, தவணைக் கணக்கு ஆகியவைதான் வழக்கமான பாடங்கள். வணிகம், சமூகவியல், உயிரியல் மாணவர்களுக்கு நுண்கணிதத்தைவிட இவைதான் கைகொடுக்கும் என்று 1950களில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கணிதப் பேராசிரியர் ஜான் கெமெனியும் அவருடைய சகாக்களும் கருதினார்கள். அதற்காக அவர்கள் எழுதிய பாடநூல் 1957 இல் வந்தது. இன்றைய பாடத்திட்டங்கள் பலவும் அந்த வார்ப்பில் வந்தவையே.

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், அடுக்கு தெரிந்தால் இதிலுள்ள எந்தக் கணக்கையும் போட்டுவிடலாம். அப்படியிருந்தும் பலர் தோற்பதற்குக் காரணம், வாக்கியமாக வரும் கேள்வியைக் கணக்காக மாற்றும் இடத்தில் தவறிவிடுவதுதான். வகுப்பறை என்றால் முதல் வரியிலேயே ஆசிரியர் நிறுத்திவிடுவார். தொலைநிலையில் அசைன்மென்ட் திருத்தப்பட்டு வரச் சில நாட்கள் ஆகும். அதற்குள் அதே தவறோடு அடுத்த முப்பது கணக்குகளையும் முடித்திருப்பீர்கள். அதனால் கீழே ஒவ்வொரு பாடத்திலும் வழிமுறைக்கு எவ்வளவு இடம் தந்திருக்கிறோமோ, அதே அளவு இடம் விடையைத் தானே சோதிக்கும் வழிக்கும் தந்திருக்கிறோம்.

சேருமுன் சிலபஸில் தேட வேண்டியவை

ஒரே பெயரில் நடக்கும் இரண்டு படிப்புகள் ஒன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சிலவற்றில் நேரியல் திட்டமிடலின் சிம்ப்ளெக்ஸ் முறை (அட்டவணை போட்டுத் தீர்ப்பது) முழுதாக உண்டு, சிலவற்றில் வரைபட முறையோடு நிறுத்திவிடுவார்கள். சிலவற்றில் மார்க்கோவுக்குப் பதில் புள்ளியியல் வரும். வேறு பல்கலைக்கழகத்தில் இந்தக் கிரெடிட்டைக் காட்டப்போகிறீர்கள் என்றால், அங்கே என்னென்ன பாடங்களைக் கேட்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள்.

அடுத்தது இறுதித் தேர்வு. அதற்கு எத்தனை சதவீதம் என்பதோடு, தேர்வில் தனியாகத் தேர்ச்சி பெற வேண்டுமா என்றும் பாருங்கள். அசைன்மென்ட்டில் 95 எடுத்தும் தேர்வில் 48 வாங்கியதால் மொத்தப் பாடமும் போய்விடும் விதி பல தொலைநிலைப் படிப்புகளில் இருக்கிறது. மேற்பார்வையாளர் முன் நேரில் எழுதுவதா, வெப்கேமரா வழியாகவா, எத்தனை நாள் முன்பு பதிவு செய்ய வேண்டும், அடையாள அட்டையில் உள்ள பெயரும் சேர்க்கைப் பெயரும் ஒத்திருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். தேர்வு நாளன்று பெயரில் ஓர் எழுத்துக்காக வாசலில் நிற்பது எரிச்சலான வேலை.

கால்குலேட்டர் விதியை வரி வரியாகப் படியுங்கள். டிஐ-84 போன்ற கிராஃபிங் கால்குலேட்டரில் அணியைச் சுருக்கும் கட்டளை உண்டு. அதைத் தேர்வில் அனுமதித்தால் உங்கள் பயிற்சி ஒரு விதம், சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டர் மட்டும் என்றால் முற்றிலும் வேறு விதம். இதை பத்தாவது வாரத்தில் தெரிந்துகொள்பவர்கள் உண்டு. பாடநூலின் பதிப்பு எண்ணும் முக்கியம். பழைய பதிப்பில் விளக்கம் மாறாது, பயிற்சி எண்கள் மாறியிருக்கும். தவறான கணக்கைச் செய்து அனுப்பினால் மதிப்பெண் பூஜ்யம்.

அடித்தளம் போதுமா?

இந்த நான்கையும் கால்குலேட்டரை ஒன்றுக்கு மட்டும் தொட்டு, பத்து நிமிடத்தில் போட்டுப் பாருங்கள்.

3(2 − அ) > 12 எனில் அ என்ன? விடை: அ < −2. எதிர்ம எண்ணால் வகுத்ததும் குறி திரும்ப வேண்டும்.
2அ + 5ஆ = 20 என்ற கோடு அச்சுகளை எங்கே வெட்டுகிறது? (10, 0), (0, 4).
2/3 − 5/4 எவ்வளவு? −7/12.
1.02 இன் 8 ஆம் அடுக்கு? கால்குலேட்டரில் சுமார் 1.1717.

நான்கும் சரி என்றால் சேரலாம். மூன்றாவது தவறினால் கவலைப்படுங்கள், ஏனென்றால் அணிகளும் சிம்ப்ளெக்ஸும் பின்னங்களின் காடு. ஒரு வாரம் பின்னத்தை மட்டும் போட்டுப் பழகிவிட்டு உள்ளே வருவது நல்லது. தசமமாக மாற்றி ஓட்டிவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம்: 1/3 ஐ 0.33 என்று எழுதிய நிமிடமே, பூஜ்யமாக வேண்டிய இடத்தில் 0.01 வந்து நிற்கும்.

135 மணி நேரத்தைப் பிரிப்பது

அமெரிக்கப் பாணியில் ஒரு கிரெடிட் என்றால் 15 வாரங்களுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பும் இரண்டு மணி நேரச் சொந்த உழைப்பும். 3 கிரெடிட் படிப்புக்கு 15 × 9 = 135 மணி. வகுப்பு இல்லாத தொலைநிலைப் படிப்பிலும் இந்த மொத்தம் குறையாது. எங்கள் கணக்கில் அதை இப்படிப் பிரிக்கலாம்: அடிப்படை இயற்கணிதம் 8 மணி, அணிகள் 22, நேரியல் திட்டமிடல் 27, வட்டியும் தவணையும் 13, கணங்களும் எண்ணுதலும் 25, நிகழ்தகவு 18, மார்க்கோவ் 7, இறுதி மீள்பார்வை 15.

எண்ணுதலுக்கு 25 மணி நேரமா என்று தோன்றும். பாடநூலில் அது மெலிந்த அத்தியாயம்தான், சூத்திரங்கள் மூன்றோ நான்கோ. ஆனால் தனியாகப் படிப்பவர்கள் அதிகம் வழுக்கி விழுவது அங்கேதான்.

சொந்த வேகத்தில் படிக்கும் ஏற்பாடு என்றால், கெடு ஒன்றே ஒன்று, அதுவும் ஆறு மாதமோ ஒரு வருடமோ தள்ளி இருக்கும். அதை நம்பாதீர்கள். சேர்ந்த அன்றே இறுதித் தேர்வுத் தேதியை நாட்காட்டியில் குறித்து, அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வொரு அசைன்மென்ட்டுக்கும் தேதி போடுங்கள். முதல் அசைன்மென்ட்டை மூன்றாம் வாரத்துக்குள் அனுப்புங்கள். திருத்துபவர் எதற்கு மதிப்பெண் குறைக்கிறார், எவ்வளவு படிகளை எதிர்பார்க்கிறார் என்பது அது திரும்பி வந்தால்தான் தெரியும். மூன்று அசைன்மென்ட்டுகளைச் சேர்த்து ஒரே நாளில் அனுப்பினால் மூன்றிலும் ஒரே தவறுக்கு மூன்று முறை தண்டம் கட்டுவீர்கள்.

நோட்டில் எழுதும் முறை

பல பாடநூல்கள் ஒற்றைப்படைக் கணக்குகளுக்கு மட்டும் பின்பக்கத்தில் விடை தருகின்றன. முதல் நாள் ஒற்றைப்படைக் கணக்குகளைப் போட்டு விடையோடு ஒப்பிடுங்கள். இரண்டு நாள் கழித்து, புத்தகத்தில் உள்ள எடுத்துக்காட்டைப் பார்க்காமல், இரட்டைப்படைக் கணக்குகளைப் போடுங்கள். அவற்றுக்கு விடை இல்லாததே நல்லது. தேர்விலும் இருக்காது.

வாக்கியக் கணக்கு எதுவானாலும் முதல் வரியில் மாறி எதைக் குறிக்கிறது என்பதை அலகோடு எழுதுங்கள். 'பெ = பெரிய பை' என்பது போதாது. 'பெ = ஒரு வாரத்தில் தைக்கும் பெரிய பைகளின் எண்ணிக்கை' என்று எழுதினால்தான் அடுத்த வரி பிசகாது. 'சிறிய பைகள் பெரிய பைகளைப் போல இரு மடங்கு' என்ற வாக்கியத்தை 2சி = பெ என்று எழுதுபவர்கள் ஏராளம், ஏனென்றால் 'இரு மடங்கு' என்ற சொல்லைச் 'சிறிய' என்பதற்குப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறார்கள். எண் போட்டுப் பாருங்கள்: பெரியது 5 என்றால் சிறியது 10. ஆக சி = 2பெ. இதற்குப் பத்து விநாடி போதும்.

அணிகள்: ஒரு நேரத்தில் ஒரு நிரை

நிரைகளைச் சுருக்கித் தீர்வு காணும் காஸ்-ஜோர்டான் முறையை எல்லாப் பாடநூல்களும் தெளிவாகவே சொல்கின்றன. இடமிருந்து வலமாக நிரல் நிரலாகப் போய், ஒவ்வொன்றிலும் ஒரு 1 ஐ உண்டாக்கி, அதன் மேலும் கீழும் பூஜ்யமாக்க வேண்டும். புத்தகத்தில் அழுத்திச் சொல்லாத தவறு ஒன்றைப் பார்ப்போம்.

1  2 | 8
3  1 | 9

இதன் தீர்வு (2, 3). நேரத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து ஒருவர் ஒரே படியில் முதல் நிரையிலிருந்து இரண்டாவதையும், இரண்டாவதிலிருந்து பழைய முதல் நிரையையும் கழிக்கிறார்.

−2  1 | −1
 2  −1 | 1

இப்போது இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்மறை. கூட்டினால் 0 0 | 0. 'தீர்வுகள் எண்ணற்றவை' என்று எழுதி முடித்துவிடுவார். உண்மையில் இரண்டு செய்திகள் இருந்த இடத்தில் ஒன்றை அவரே அழித்துவிட்டார். நிரையை மாற்றிய பிறகு அடுத்த செயலுக்குப் புதிய நிரையைத்தான் பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் 'நி2 − 3நி1' என்று செயலைக் குறித்துவையுங்கள். திருத்துபவர் படி மதிப்பெண் தருவதும் அதைப் பார்த்துத்தான்.

கடைசி நிரை 0 0 0 | 5 என்று முடிந்தால் தீர்வே இல்லை. 0 0 0 | 0 என்று முடிந்து, வேறு எங்கும் முரண்பாடு இல்லாமல், மாறிகளின் எண்ணிக்கை மீதமுள்ள நிரைகளைவிட அதிகமாக இருந்தால் எண்ணற்ற தீர்வுகள். வாக்கியக் கணக்கில் எண்ணற்ற தீர்வு வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள்: டிக்கெட், நாற்காலி, ஆள் போன்றவை எதிர்மமாகவோ பின்னமாகவோ இருக்க முடியாது என்பதால் உண்மையில் மிஞ்சுவது நான்கோ ஐந்தோ தீர்வுகளாக இருக்கலாம்.

நேர்மாறு அணி கண்டால் மூல அணியோடு பெருக்கிப் பாருங்கள், அலகு அணி வர வேண்டும். 1973 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற வசீலி லியான்டீஃபின் உள்ளீடு-வெளியீடு மாதிரி இந்த அத்தியாயத்தில் வரும். அங்கே நேர்மாறு காண வேண்டியது அலகு அணியிலிருந்து தொழில்நுட்ப அணியை (ஒரு பொருளைச் செய்ய ஒவ்வொரு பொருளும் எவ்வளவு தேவை என்று காட்டுவது) கழித்த பிறகு. கழிக்க மறந்தால் விடையில் எதிர்ம உற்பத்தி தலைகாட்டக்கூடும், அதுவே எச்சரிக்கை மணி.

நேரியல் திட்டமிடல்: மூலைகளில் எது செல்லும்?

ஒரு தையலகம் பெரிய பை, சிறிய பை இரண்டையும் செய்கிறது. வெட்ட ஒவ்வொன்றுக்கும் 1 மணி, மொத்தம் 40 மணி இருக்கிறது. தைக்கப் பெரியதற்கு 3 மணி, சிறியதற்கு 1 மணி, மொத்தம் 90 மணி. லாபம் பெரியதற்கு 5, சிறியதற்கு 3. அதிகபட்ச லாபம் எவ்வளவு?

பெ + சி ≤ 40
3பெ + சி ≤ 90
பெ ≥ 0, சி ≥ 0
லாபம் = 5பெ + 3சி

இந்த நிபந்தனைகள் வரைபடத்தில் அடைக்கும் பகுதியின் மூலைகள் (0, 0), (30, 0), (25, 15), (0, 40). லாபம் முறையே 0, 150, 170, 120. விடை 25 பெரியது, 15 சிறியது, லாபம் 170.

இப்போது ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்ப்போம்: சிறிய பைகள் பெரிய பைகளைவிடக் குறையக் கூடாது. அதாவது சி ≥ பெ. வரைபடம் போடாமல் கோடுகள் சந்திக்கும் புள்ளிகளை மட்டும் இயந்திரத்தனமாகக் கணக்கிடுபவருக்கு (25, 15), (20, 20), (22.5, 22.5) மூன்றும் கிடைக்கும். லாபம் 170, 160, 180. பெரியது 180 என்று அதை எடுத்துக்கொள்வார். ஆனால் 22.5 + 22.5 = 45, வெட்ட 40 மணிதான் இருக்கிறது. (25, 15) இல் சிறியது குறைவு, அதுவும் செல்லாது. மிஞ்சுவது (20, 20), லாபம் 160. தையல் நேரத்தில் 80 மணிதான் செலவாகி 10 மணி மீதமாகிறது. அந்தக் கோடு இப்போது பகுதியின் எல்லையைத் தொடவே இல்லை.

ஆகவே மூலை கிடைத்ததும் லாபத்தைக் கணக்கிடாமல், முதலில் அதை எல்லா நிபந்தனைகளிலும் போட்டுப் பாருங்கள். ஒன்றில் தவறினாலும் அடித்துவிடுங்கள். நிழலிடும்போது எந்தப் பக்கம் என்று குழம்பினால் (0, 0) ஐப் போட்டுச் சோதியுங்கள். கோடு ஆதிப்புள்ளி (0, 0) வழியாகவே போனால், சி = பெ போல, (0, 10) மாதிரி வேறொரு புள்ளியை எடுங்கள்.

சிம்ப்ளெக்ஸ்: கடைசி நிரல் காட்டிக்கொடுக்கும்

மாறிகள் மூன்றானால் வரைபடம் பயன்படாது. 1947 இல் ஜார்ஜ் டான்ட்சிக் வகுத்த சிம்ப்ளெக்ஸ் முறை வேண்டும். மேலே உள்ள முதல் கணக்கையே போடுவோம், விடை தெரிந்திருப்பதால் முறையைக் கவனிக்கலாம். வெட்டும் நேரத்துக்கு ஒன்று, தைக்கும் நேரத்துக்கு ஒன்று என, செலவாகாமல் மீதமாகும் நேரத்தைக் குறிக்கும் இரண்டு மிச்ச மாறிகளைச் சேர்த்தால் அட்டவணை (நிரல்கள் பெ, சி, இரண்டு மிச்ச மாறிகள்; கீழ் நிரையில் குறி மாற்றிய லாபம்):

1  1  1  0 | 40
3  1  0  1 | 90
−5  −3  0  0 | 0

கீழ் நிரையில் மிக எதிர்மமான எண் −5, எனவே முதல் நிரல். கடைசி நிரலை அந்த நிரலின் நேர்ம எண்களால் வகுத்தால் 40/1 = 40, 90/3 = 30. சிறியது 30, எனவே இரண்டாம் நிரை. அதை 3 ஆல் வகுத்து மற்றவற்றில் பூஜ்யமாக்கினால்:

0  2/3  1  −1/3 | 10
1  1/3  0  1/3 | 30
0  −4/3  0  5/3 | 150

இன்னும் ஓர் எதிர்ம எண் இருக்கிறது. இரண்டாம் நிரலில் விகிதங்கள் 15, 90. முதல் நிரை.

0  1  3/2  −1/2 | 15
1  0  −1/2  1/2 | 25
0  0  2  1 | 170

கீழே எதிர்மம் இல்லை, முடிந்தது. பெ = 25, சி = 15, லாபம் 170.

விகிதத்தில் தவறி 40 உள்ள நிரையை எடுத்திருந்தால்? பெரிய பை 40 ஆகும், தையல் நிரையின் கடைசி எண் 90 − 120 = −30 ஆகிவிடும். கடைசி நிரலில் எதிர்ம எண் தோன்றினால், சாதாரண அதிகபட்சக் கணக்கில் அதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்: விகிதத்தில் தவறு, அல்லது கூட்டலில் தவறு. அதற்கு மேல் ஒரு வரிகூட எழுதாமல் முந்தைய அட்டவணைக்குத் திரும்புங்கள்.

முடிவில் இன்னொரு சோதனை, இதைப் பலர் பயன்படுத்துவதில்லை. கீழ் நிரையில் மிச்ச மாறிகளின் அடியில் இருக்கும் 2, 1 ஆகியவற்றை ஆரம்ப நேரங்களோடு பெருக்குங்கள்: 2 × 40 + 1 × 90 = 170. லாபத்தோடு ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாவிட்டால் எங்கோ கணக்கு பிழைத்திருக்கிறது. இருமைக் கணக்கின் (ஒவ்வொரு மணி நேரத்துக்கும் என்ன மதிப்பு என்று இதே கணக்கைத் திருப்பிக் கேட்பது) விடைதான் அந்த 2 உம் 1 உம். வெட்டும் நேரம் ஒரு மணி கூடினால் லாபம் 2 கூடும், தைக்கும் நேரம் கூடினால் 1 கூடும் என்று பொருள். குறிப்பிட்ட வரம்புக்குள்தான் இது செல்லும், ஆனால் விளக்கம் கேட்கும் கேள்விக்கு இதுவே பதில்.

எண்ணுதல்: எங்கே இருமுறை எண்ணினீர்கள்?

10 பேரில் மூவர் குழு எத்தனை விதம்? 120. அதே 10 பேரில் தலைவர், செயலர், பொருளாளர் எத்தனை விதம்? 720. தேர்ந்தெடுத்த இருவரை இடம் மாற்றினால் புதிய விடை கிடைக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால் வரிசைமாற்றம், இல்லையென்றால் சேர்மானம். இதுவரை எல்லாருக்கும் புரியும்.

சிக்கல் அடுத்த கேள்வியில் வருகிறது. 6 பெண்கள், 4 ஆண்கள். குறைந்தது இரண்டு பெண்கள் உள்ள மூவர் குழு எத்தனை? இயல்பாகத் தோன்றும் வழி: 6 பெண்களில் இருவரை எடுப்பதற்கு 15 விதம், மீதி 8 பேரில் எவராவது ஒருவர் 8 விதம், பெருக்கினால் 120. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மொத்தக் குழுக்களே 120 தான். அப்படியானால் ஆண்கள் மட்டுமே உள்ள குழு ஒன்றுகூடக் கிடையாது என்றாகிவிடும். எங்கோ கோளாறு.

கோளாறு இதுதான். மூன்று பெண்கள் உள்ள ஒரு குழுவை எடுத்துக்கொள்ளுங்கள்: மலர், கயல், நிலா. முதலில் மலரும் கயலும், பிறகு நிலா என்று ஒருமுறை. மலரும் நிலாவும், பிறகு கயல் என்று இன்னொரு முறை. கயலும் நிலாவும், பிறகு மலர் என்று மூன்றாம் முறை. ஒரே குழுவை மூன்று தடவை எண்ணியிருக்கிறோம். சரியான வழி, ஒன்றையொன்று தொடாத வகைகளாகப் பிரிப்பது: சரியாக இரண்டு பெண்கள் 15 × 4 = 60, மூன்று பெண்கள் 20, மொத்தம் 80. எதிர்ப்புறமிருந்தும் வாருங்கள்: பெண்ணே இல்லாதது 4, ஒரு பெண் 6 × 6 = 36, ஆக 40. 120 − 40 = 80. இரண்டு வழியிலும் ஒரே எண் வந்தால் நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போகலாம்.

'குறைந்தது', 'அதிகபட்சம்' என்ற சொற்களைக் கண்டாலே பேனாவைக் கீழே வைத்துவிட்டு வகைகளை முதலில் எழுதுங்கள். நம்பிக்கை வரவில்லையா, எண்களைச் சுருக்குங்கள்: 3 பெண்கள், 1 ஆண், மூவர் குழு என்று வைத்துக்கொண்டு எல்லாக் குழுக்களையும் கையால் எழுதுங்கள். நான்குதான் வரும், நான்கிலும் இரண்டு பெண்களாவது இருப்பார்கள். தவறான முறை 3 × 2 = 6 என்று சொல்லும். இப்படிச் சுருக்கிப் பார்ப்பதுதான் வீட்டில் தனியாகப் படிப்பவருக்கு ஆசிரியர்.

வென் படம் வரும் கணக்குகளில் மூன்று வட்டங்களும் வெட்டும் நடுப்பகுதியிலிருந்து தொடங்கி வெளியே வாருங்கள். 'தேநீர் குடிப்பவர்கள் 30' என்பதும் 'தேநீர் மட்டும் குடிப்பவர்கள் 30' என்பதும் வேறு. ஏதாவது ஒரு பகுதியில் எதிர்ம எண் வந்தால், 'மட்டும்' என்ற சொல்லைத் தவறவிட்டிருக்கிறீர்களா என்று கேள்வியை மறுபடி பாருங்கள்.

நிகழ்தகவு: ஆயிரம் பொருளாக மாற்றுங்கள்

நிபந்தனை நிகழ்தகவில் சூத்திரத்தைவிட எண்ணிக்கை பாதுகாப்பானது. முதல் எந்திரம் 60 சதவீதப் பொருள்களைச் செய்கிறது, அதில் 2 சதவீதம் பழுது. இரண்டாம் எந்திரம் 40 சதவீதம் செய்கிறது, அதில் 5 சதவீதம் பழுது. கையில் எடுத்த பொருள் பழுது என்றால், அது இரண்டாம் எந்திரத்தில் செய்ததாக இருக்க வாய்ப்பு என்ன?

1,000 பொருள்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எந்திரம் 600, பழுது 12. இரண்டாவது 400, பழுது 20. பழுது மொத்தம் 32, அதில் 20 இரண்டாவதிலிருந்து. 20/32 = 0.625. பேயஸ் தேற்றம் சொல்வதும் இதையேதான். இதை 0.05 என்று எழுதினால் கேள்வியைத் திருப்பிப் படித்திருக்கிறீர்கள், 0.02 (0.4 × 0.05) என்று எழுதினால் 'பழுது என்றால்' என்ற நிபந்தனையை விட்டுவிட்டீர்கள். '…என்றால்', '…எனத் தெரிந்தால்' என்பதற்கு முன் வருவதுதான் பின்னத்தின் பகுதியில், அதாவது கீழே, போக வேண்டியது. விடைத்தாளில் மர வரைபடத்தையும் வரையுங்கள், ஒவ்வொரு கிளைப் பிரிவிலும் கூட்டுத்தொகை 1 ஆக வேண்டும்.

ஒன்றையொன்று விலக்கும் நிகழ்வுகளையும் சார்பிலா நிகழ்வுகளையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பூஜ்யமில்லாத நிகழ்தகவு கொண்ட இரண்டு நிகழ்வுகள் ஒன்றையொன்று விலக்கினால் அவை சார்பிலாதவையாக இருக்கவே முடியாது: ஒன்று நடந்தது தெரிந்தால் மற்றது நடக்கவில்லை என்பதும் தெரிந்துவிடுகிறதே.

மார்க்கோவ் சங்கிலி

அடுத்த நிலை இப்போதைய நிலையை மட்டும் பொறுத்தது என்ற கருத்தை ரஷ்யக் கணிதவியலாளர் ஆந்திரேய் மார்க்கோவ், 1913 இல், கவிஞர் புஷ்கினின் ஒரு படைப்பில் 20,000 எழுத்துகளை உயிர், மெய் என்று எண்ணிக் காட்டினார். பாடத்தில் தேவைப்படுவது அதைவிட எளிது. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு மாறும் நிகழ்தகவுகளைக் கொண்ட மாற்று அணியில் ஒவ்வொரு நிரையின் கூட்டுத்தொகையும் 1 ஆக வேண்டும். 0.8, 0.2 ஒரு நிரை, 0.3, 0.7 மற்றது என்றால் நிலைத்த பங்கீடு, அதாவது மேலும் ஒரு படி போனாலும் மாறாத பங்கீடு, 0.6, 0.4. சோதனை: 0.6 × 0.8 + 0.4 × 0.3 = 0.6. சமன்பாடுகளை மட்டும் வைத்துத் தீர்க்கப் போனால் இரண்டும் ஒன்றாகிவிடும். கூட்டுத்தொகை 1 என்ற மூன்றாவது வரியைச் சேர்த்தால்தான் விடை கிடைக்கும். சில புத்தகங்கள் நிரல்களின் கூட்டுத்தொகையை 1 ஆக வைக்கும், பெருக்கும் பக்கமும் அதற்கேற்ப மாறும். இணையத்தில் வேறு வீடியோவைப் பார்க்கும்போது இதைக் கவனிக்காவிட்டால் எல்லாம் தலைகீழாகும்.

வட்டியும் தவணையும்: இடையில் சுருக்காதீர்கள்

முதலில் இரண்டு கேள்விகள். பணம் ஒரே முறையா, தவணை தவணையாகவா? தவணை என்றால், ஒவ்வொரு காலத்தின் முடிவிலா, தொடக்கத்திலா? இதற்குப் பதில் சொல்லிவிட்டால் எந்தச் சூத்திரம் என்பது தெரிந்துவிடும்.

12,000 கடன், ஆண்டு வட்டி 6 சதவீதம், மாதத் தவணை, 2 வருடம். மாத வட்டி 0.06/12 = 0.005, தவணைகள் 24. தவணை = 12,000 × 0.005 ÷ (1 − 1.005 இன் −24 ஆம் அடுக்கு). கால்குலேட்டரில் அந்த அடுக்கு 0.887186 என்று வரும். 60 ÷ 0.112814 = 531.85. அதையே 0.89 என்று சுருக்கியவருக்கு 60 ÷ 0.11 = 545.45. மாதம் 13.60 வித்தியாசம், 24 மாதத்தில் 326 க்கு மேல். இடைப்பட்ட எண்ணைக் கால்குலேட்டர் நினைவிலேயே வைத்திருங்கள், கடைசியில் மட்டும் சுருக்குங்கள்.

தோராயச் சோதனை ஒன்று: கடன் படிப்படியாகக் குறைவதால் சராசரியாக அதில் பாதிக்குத்தான் வட்டி. 6,000 × 0.06 × 2 = 720. 12,720 ÷ 24 = 530. உங்கள் விடை 530க்கு அருகில் இல்லையென்றால், வட்டியை 12 ஆல் வகுக்க மறந்தீர்களா, தவணை எண்ணிக்கையை 2 என்று போட்டீர்களா என்று பாருங்கள்.

அசைன்மென்ட் அனுப்பும்போது

கையால் எழுதி ஸ்கேன் செய்வதே போதும். கட்டமிட்ட தாளில், கறுப்பு மையில், ஒரு பக்கத்துக்கு இரண்டு கணக்குக்கு மேல் வேண்டாம். வெளிர் பென்சில் ஸ்கேனில் மறைந்துவிடும், எதிர்மக் குறி மறைந்தால் அணிக் கணக்கே வேறாகிவிடும். எல்லாப் பக்கங்களையும் ஒரே கோப்பாக்கி, அனுப்பிய பிறகு அதே கோப்பைத் திறந்து பக்கங்களை எண்ணுங்கள்.

டியூட்டரிடம் கேள்வி கேட்கும்போது 'ஐந்தாவது கணக்கு புரியவில்லை' என்று எழுதினால் புத்தகத்தில் இருக்கும் விளக்கமே திரும்பி வரும். உங்கள் வேலையைப் படமெடுத்து இணைத்து, 'மூன்றாம் படியில் கடைசி நிரலில் −30 வந்தது, விகிதம் 40, 30 என்று எடுத்தேன்' என்று எழுதுங்கள். அரை வரிப் பதில்கூட அப்போது உதவும்.

திரும்பி வந்த அசைன்மென்ட்டில் ஒவ்வொரு தவறையும் அமைப்புத் தவறு, கணக்குத் தவறு, கேள்வியைப் படித்த தவறு என்று மூன்றில் ஒன்றாகக் குறியுங்கள். அமைப்புத் தவறு அதிகம் என்றால் மேலும் கணக்குப் போடுவதில் பலன் இல்லை. இருபது வாக்கியக் கணக்குகளைத் தீர்க்காமல், மாறிகளையும் நிபந்தனைகளையும் மட்டும் எழுதிப் பழகுங்கள். ஒன்றுக்கு நான்கு நிமிடம் வீதம் ஒரு மாலையில் முடிந்துவிடும்.

தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களும் தேர்வும்

மீள்பார்வைக்கு ஒதுக்கிய 15 மணியில் 6 மணி நேரத்தை இரண்டு முழு மாதிரித் தேர்வுகளுக்குக் கொடுங்கள். தேர்வில் அனுமதித்த அதே கால்குலேட்டர், அதே நேரம், புத்தகம் வேறு அறையில். அத்தியாய வாரியாகப் போட்ட பயிற்சியில் எந்த முறை என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடுகிறது. தேர்வில் கேள்விகள் கலந்து வரும், முறையைக் கண்டுபிடிப்பதும் உங்கள் வேலை. அதனால் மாதிரித் தேர்வில் கேள்விகளைக் குலுக்கிக்கொள்ளுங்கள்.

180 நிமிடம், 100 மதிப்பெண் என்றால், கடைசி 15 நிமிடத்தைச் சோதனைக்கு எடுத்துவைத்த பிறகு மதிப்பெண்ணுக்கு 1.65 நிமிடம். 12 மதிப்பெண் சிம்ப்ளெக்ஸுக்கு 20 நிமிடம். அதைத் தாண்டினால் இருக்கும் அட்டவணையோடு நிறுத்தி, அரைப் பக்கம் இடம் விட்டு நகருங்கள். எண்ணுதல், நிகழ்தகவுக் கேள்விகளை மூளை புதிதாக இருக்கும் முதல் ஒரு மணி நேரத்தில் போடுங்கள். அணிச் சுருக்கமும் தவணைக் கணக்கும் களைத்த பிறகும் கை தானாகச் செய்யும் வேலை.

வெப்கேமரா வழித் தேர்வு என்றால் வெள்ளைத் தாளின் இரு பக்கத்தையும் கேமராவில் காட்டச் சொல்லலாம், ஸ்கேன் செய்யத் தனியாகச் சில நிமிடங்களே தரலாம். பத்துப் பக்கத்தைக் கைபேசியில் ஸ்கேன் செய்து ஒரே கோப்பாக ஏற்ற உங்களுக்கு எவ்வளவு நேரமாகிறது என்பதை முந்தைய வாரமே கடிகாரம் வைத்துப் பாருங்கள். கால்குலேட்டர் நினைவை அழிக்கச் சொல்வதும் வழக்கம், அப்படி அழித்தால் தசம அமைப்பு மாறிவிட வாய்ப்பு உண்டு. மேற்பார்வையாளர் தொடங்கச் சொன்னதும் 1.005 இன் 24 ஆம் அடுக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்: 1.12716 என்று வந்தால் கருவி சரியாக இருக்கிறது, 1.13 என்று நின்றால் தசம இடங்களைக் கூட்டிவிட்டு முதல் கேள்வியைத் திறக்கலாம்.